ஆனதோத்தின் விலைப்பத்திரம்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உள்ள தேவாலயங்களில், ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில் மணி பன்னிரண்டு அடித்தபின், சபையார் ஒருவர்பின் ஒருவராக முன்னே சென்று, தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளுள் ஒன்றை எடுத்து, அதில் அச்சிட்டுள்ள வேதவசனத்தை அந்த ஆண்டு முழுவதற்கும் தமக்கென்றே அருளப்பட்ட வாக்காக ஏற்று, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரிலோ வேதாகமத்தின் உள்ளட்டையிலோ ஒட்டிவைத்துக்கொள்வது நெடுநாளைய வழக்கம். 2020-ஆம் ஆண்டு பிறந்த இரவிலும் அவ்வாறே எடுத்துச் சென்றார்கள். மார்ச் மாதம் 24-ஆம் நாள் இரவு பிரதமர் 21 நாள் ஊரடங்கை அறிவித்தபோது, அந்த அட்டைகளை ஒட்டி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

இந்த வழக்கத்தை ஏளனம் செய்ய எனக்கு மனம் வராது. பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த காலத்தில், திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள், வயல்களாகவும் ஏரிக்கரைகளாகவும் கிடந்த இடங்களில் அரை கிரவுண்டு மனை வாங்கிக் குடியேறி, முதலில் ஒருவர் வீட்டு முன்னறையிலும், பிறகு மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டும் கூடி ஜெபித்து, மெல்ல மெல்ல எழுப்பியவையே இப்பகுதிச் சபைகளுள் பல. கடன் முடியும் வரையிலும், பிள்ளையின் படிப்பு முடியும் வரையிலும், அவர்கள் கையில் இருந்த ஒரே ஈடு அந்த வாக்குத்தத்தம்தான். ஆகையால் வியாதி நாடெங்கும் பரவிய நாட்களில் அவர்கள் முதலில் வேதத்தில் பாதுகாப்பின் வசனங்களைத் தேடிப் போனதில் வியப்பொன்றுமில்லை. கொள்ளைநோயைப் பெயர் சொல்லிக் கூறும் தொண்ணூற்றோராம் சங்கீதம் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது, கதவுகளில் ஒட்டப்பட்டது, நோயாளிகளின் தலையணைக்கு அடியில் வைக்கப்பட்டது.

ஆயினும் அந்தச் சங்கீதத்துக்கு வேதத்துக்குள்ளேயே ஒரு பிற்கதை உண்டு என்பதை அந்த நாட்களில் நினைப்பூட்டியவர்கள் மிகச் சிலரே. மத்தேயுவும் லூக்காவும் தத்தம் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறபடி, ஆலயத்தின் உச்சியில் இயேசுவை நிறுத்தி, இங்கிருந்து குதித்தாலும் உமக்கு ஒன்றும் நேராது என்று தூண்டிய சோதனைக்காரன் தனக்கு ஆதாரமாக எடுத்துக் காட்டியது இதே சங்கீதத்தின் இரண்டு வசனங்களைத்தான். இயேசு அந்த வசனங்கள் பொய்யென்று சொல்லவில்லை. தேவனைப் பரீட்சை பார்க்கலாகாது என்று உபாகமத்திலிருந்து பதில் உரைத்து, குதிக்க மறுத்துவிட்டார். உன்னை நோய் அணுகாது என்று ஒரு வசனத்தைக் காட்டி முகக்கவசத்தை அவிழ்க்கச் சொன்னவர்களுக்கும், கூடாதே என்றபோது கூட்டம் கூட்டியவர்களுக்கும், இதைவிடத் தெளிவான மறுமொழியை நான் அறியேன். அந்தச் சங்கீதத்தை உண்மையில் தம் வாழ்வாக்கிக்கொண்டவர் அதைக் கேடயமாகப் பிடித்துச் சிலுவையிலிருந்து தப்பவில்லை என்பதையும் சேர்த்து நினைக்கும்போது, பாதுகாப்பு என்பது நமக்கு ஒன்றும் நேராதிருப்பதுதானா என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடையைப் புத்தகத்தில் தேடுவதற்கு முன்னரே அது எங்கள் சுடுகாடுகளின் வாயிலில் வந்து நின்றது.

2020 ஏப்ரல் 13-ஆம் நாள், உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு மறுநாள், கொரோனாவால் இறந்த நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மயானத்தில் தகனம் செய்யக்கூடாதென்று எதிர்ப்பு எழுந்தது. அதற்கு ஆறாம் நாள், 19-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் அதே நோயால் மரித்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்யவிடாமல் ஜனங்கள் திரண்டு தடுத்தார்கள். அங்கிருந்து அண்ணாநகர் வேலங்காட்டு இடுகாட்டுக்குக் கொண்டுபோனபோது, கல்லும் கட்டையும் கொண்டு ஆம்புலன்ஸைத் தாக்கினார்கள். கண்ணாடி உடைந்தது, உடன் வந்தவர்கள் காயமுற்றார்கள், உடலோடு திரும்பி ஓட நேர்ந்தது. நள்ளிரவு கடந்தபின், அவருடைய சக மருத்துவர் பிரதீப் குமார் தாமே வண்டியை ஓட்டிக்கொண்டு, மருத்துவமனைப் பணியாளர் இருவரோடும் காவல்துறையின் துணையோடும் மீண்டும் வந்து, மண்வெட்டி எடுத்துத் தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்துவிட்டுப் போனார். மனைவியும் மகனும் குழியருகே நிற்க இயலவில்லை. தம்மைத் தம் சமய முறைப்படி அடக்கம் செய்ய வேண்டுமென்று அவர் கேட்டிருந்ததை அவருடைய மனைவி பின்னர் அரசுக்கு வைத்த வேண்டுகோளில் நாடே கேட்டது. மறுநாளே சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்து, கண்ணியமான அடக்கமும் அரசியல் சட்டம் தரும் வாழ்வுரிமையில் அடங்கியதே என்றது. அதே மாதம் 26-ஆம் நாள், தொற்றால் இறந்தோரின் அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கும் அவசரச் சட்டத்தைத் தமிழக அரசு பிறப்பித்தது.

டாக்டர் சைமன் மரித்த அந்த ஞாயிறு கிறிஸ்தவப் பஞ்சாங்கத்தில் எத்தகைய ஞாயிறு என்பதை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. உயிர்த்தெழுதலுக்கு அடுத்த ஞாயிற்றில் கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படும் சுவிசேஷப் பகுதி, யோவான் இருபதாம் அதிகாரத்தில், பயத்தினால் கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே அடைந்திருந்த சீஷர்களைப் பற்றியது; அவர்கள் நடுவே உயிர்த்தெழுந்தவர் வந்து நின்று காட்டியது தம் கைகளிலும் விலாவிலும் ஆறாதிருந்த காயங்களை; அந்தக் காயங்களைத் தொட்டாலன்றி நம்பேன் என்று நின்றவர், இந்த நகரத்தின் பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தாரென்று பாரம்பரியம் சொல்லும் தோமா. தோமாவின் நகரத்தில், தோமாவின் ஞாயிற்றில், கதவுகள் அனைத்தும் பூட்டிக் கிடந்த வேளையில், காயமுற்ற ஓர் உடலைத் தொட அஞ்சி ஊர் கல்லெடுத்தது. கல்லெடுத்தவர்களைக் கொடியவர்கள் என்று மட்டும் சொல்லி அகன்றுவிட நான் விரும்பவில்லை. இறந்த உடலிலிருந்து புகையிலும் மண்ணிலும் நோய் பரவுமென்று எவரோ சொன்னதை நம்பி, நெருக்கமான தெருக்களில் குழந்தைகளோடு வாழ்ந்தவர்களின் பயம் அது. பூட்டிய அறைக்குள் இருந்த சீஷர்களின் பயமும் அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். ஆனால் பயத்தின் நடுவே வந்து நின்றவர் பயப்படாதிருக்கக் காரணமாகக் காட்டியது காயமில்லாத தேகத்தை அன்று என்பதை நாம் மறந்துபோகலாகாது.

மூன்றாம் நூற்றாண்டில், சிப்ரியானின் பெயரால் வழங்கும் கொள்ளைநோய் ரோம சாம்ராஜ்யத்தை வாட்டியபோது, அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு எழுதிய கடிதம் ஒன்றை யூசேபியு தமது திருச்சபைச் சரித்திரத்தில் காத்து வைத்திருக்கிறார். சாகும் தறுவாயில் இருந்தவர்களைச் சொந்த வீட்டாரே தெருவில் எறிந்த அந்த நகரத்தில், கிறிஸ்தவர்கள் நோயாளிகளைத் தாங்கிப் பணிவிடை செய்ததையும், இறந்தோரின் கண்களையும் வாயையும் மூடி, குளிப்பாட்டி, துணி சுற்றித் தோளில் சுமந்துபோய் அடக்கம் செய்ததையும், அப்படிச் செய்தவர்களே விரைவில் அதே பணிவிடையைப் பெறும் நிலைக்கு வந்ததையும் அக்கடிதம் சொல்கிறது. நமது பிரசங்கங்களில் இதைப் பெருமையோடு எடுத்துரைக்கிறோம். உரைக்கலாம்; ஆனால் நம் நகரத்தில் பிணங்களைச் சுமந்தவர்கள் யார் என்பதையும் அதே மூச்சில் உரைப்பதே நேர்மை. தமுமுக முதலிய இஸ்லாமிய அமைப்புகளின் தொண்டர்கள் கவச உடையணிந்து, இறந்தவர் எம்மதத்தவராயினும் அந்த மதத்தின் முறைப்படியே இடுகாட்டிலும் சுடுகாட்டிலும் காரியங்களை நிறைவேற்றினார்கள். கிறிஸ்தவர்களையும் அவர்களே பலமுறை மண்ணுக்கு ஒப்புக்கொடுத்தார்கள். மாநகராட்சி மயானப் பணியாளர்கள், தங்கள் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வராமல், இரவு பகலாக நின்றார்கள். எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு ஆசாரியனும் லேவியனும் விலகிப்போனபின் வந்து நின்றவன் சமாரியன் என்று இயேசு சொன்ன உவமை, இருபது நூற்றாண்டுகள் கடந்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நம் கண்முன் நடந்தது. அதைக் காணக் கண் தந்ததற்காக நான் தேவனுக்கு நன்றி செலுத்துகிறேன்.

வேதம் வழிகாட்டும் விதத்தை விளங்கிக்கொள்ள எனக்கு உதவிய இன்னொரு எழுத்து, 1527-இல் விட்டன்பர்க் நகரில் பிளேக் நோய் பரவி, அங்கிருந்த பல்கலைக்கழகம் யேனா நகருக்குப் பெயர்ந்தபோது, தம் வீட்டையே நோயாளிகளுக்கு இடமாக்கிக்கொண்டு ஊரிலேயே தங்கிவிட்ட மார்ட்டின் லூத்தர், பிரெஸ்லாவின் போதகர் யோகான் ஹெஸுக்கு எழுதிய நிருபம். கொள்ளைநோய்க்கு அஞ்சி ஓடலாமா என்பது ஹெஸின் கேள்வி. போதகரும் அதிகாரியும் வைத்தியரும், பிறரால் விட்டுவிடப்பட்டால் சாகக்கூடியவரைப் பராமரிக்கும் எவரும், ஓடலாகாது; அத்தகைய கடமை இல்லாதவர் விலகிப்போவது பாவமன்று; மருந்தை அவமதிப்பதும் தேவையின்றி நோயுள்ள இடத்துக்குப் போவதும் தேவனைப் பரீட்சை பார்ப்பதாகும் என்ற கருத்துகளை அவர் நிதானமாக விரித்துரைக்கிறார். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. அதே நிருபத்தின் இறுதியில் அவர் இடுகாட்டைப் பற்றி எழுதியிருப்பதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஊரின் நடுவே சந்தை வழியாகிவிட்ட கல்லறை நிலம் ஆகாது, மரித்தோர் துயிலும் இடம் ஊருக்கு வெளியே, அமைதியும் மரியாதையும் உடையதாக, அங்கே செல்பவன் மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் தியானிக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்று, கொள்ளைநோயின் நடுவே உட்கார்ந்து ஒரு மனிதர் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்தை வாசித்தபின், வேதத்தில் நிலம் வாங்கும் இடங்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினேன். மனை வாங்கி வாழ வந்தவர்களின் மத்தியில் வாழ்கிறவனுக்கு அந்த நாட்டம் இயல்பானதே. ஆபிரகாமுக்குத் தேசம் முழுவதும் வாக்களிக்கப்பட்டிருந்தது; ஆனால் அவர் தம் ஆயுளில் விலைகொடுத்து, சாட்சிகள் முன்னிலையில், எல்லை குறித்து வாங்கிய நிலம் மக்பேலாவின் குகையும் அதைச் சேர்ந்த வயலுமே; ஏத்தியனாகிய எப்பெரோனுக்கு அவர் நிறுத்துக் கொடுத்தது 400 சேக்கல் வெள்ளி; வாங்கியது மனைவி சாராளை அடக்கம் செய்ய. வாக்குத்தத்தத்தின் தேசத்தில் அவர் கைக்கு வந்த முதல் துண்டு ஒரு கல்லறை. எப்பெரோன் இலவசமாகவே தருகிறேன் என்றபோதும் ஆபிரகாம் ஒப்பவில்லை. அவ்வாறே தாவீதின் நாட்களில் கொள்ளைநோய் எருசலேமை நெருங்கி நின்ற இடம் எபூசியனாகிய அர்வனாவின் களம். அவனும் களத்தையும் மாடுகளையும் சும்மா தர முன்வந்தான். செலவில்லாமல் பெற்றதைக் கொண்டு பலியிடேன் என்று சொல்லி, தாவீது 50 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கிப் பலிபீடம் கட்டினார். யூதாஸ் திருப்பி எறிந்த 30 வெள்ளிக்காசைக் கொண்டு, ஆலயக் கருவூலத்தில் சேர்க்கத் தகாத பணம் என்று ஆசாரியர்கள் வாங்கியதும் ஒரு நிலமே; ஊர் பேர் அறியாத அந்நியர்களைப் புதைக்கக் குயவனிடமிருந்து வாங்கியது. இரத்தத்தின் விலை அந்நியருக்குக் கல்லறையாயிற்று என்பதை மத்தேயு எழுதிவைத்திருக்கிறார். மற்றொரு கல்லறை, அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு தமக்கென்று வெட்டுவித்து, குற்றவாளியென்று கொல்லப்பட்ட ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. தேசாதிபதியிடம் போய் உடலைக் கேட்பதற்குத் துணிவு வேண்டியிருந்தது என்று மாற்கு குறிப்பிடுகிறார். உயிர்த்தெழுதல் நடந்த இடம் அந்தக் கடன் கல்லறைதான்.

2021-ஆம் ஆண்டின் இரண்டாம் அலை இந்தத் தியானங்களையெல்லாம் சிதறடித்தது. ஏப்ரல் இறுதியில், ரெம்டெசிவிர் மருந்துக்காகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியின் முன் இரவெல்லாம் மக்கள் வரிசையில் நின்றார்கள். ஆக்சிஜன் படுக்கை கேட்டு ஆம்புலன்ஸுக்குள்ளேயே காத்திருந்தார்கள். ஜெபக் குறிப்புகளில் காலையில் இருந்த பெயர் மாலையில் இரங்கல் செய்தியில் இருந்தது. முந்தின ஆண்டு வியாதியைத் தூரத்துச் செய்தியாகக் கேட்ட குடும்பங்களில் தகப்பனும் மகனும் ஒரே வாரத்தில் போனார்கள். உபவாசமிருந்து கேட்டும் கிடைக்கவில்லை; ஊரறிந்த ஜெபவீரர்களும் மரித்தார்கள்; போதகர்களும் மரித்தார்கள்.

அப்போது சில வாய்களிலிருந்து, விசுவாசம் போதவில்லை, மறைவான பாவம் ஏதோ இருந்திருக்கும் என்று புறப்பட்ட சொற்களை நான் இன்றுவரை மன்னிக்கக் கஷ்டப்படுகிறேன். யோபுவின் சிநேகிதர் மூவரும் வந்தவுடன் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல சிநேகிதராகவே இருந்தார்கள். பேசத் தொடங்கியபின்தான் கெட்டார்கள், புத்தகத்தின் முடிவில் தேவனுடைய கோபம் அவர்கள்மேல் வந்ததும் அந்தப் பேச்சினாலேயே. சங்கீதப் புத்தகத்தில் எண்பத்தெட்டாவது ஒன்று உண்டு. மற்ற புலம்பல்களுள் பெரும்பாலானவை ஈற்றில் எங்கோ ஓரிடத்தில் துதிக்குத் திரும்ப, இது திரும்புவதில்லை; வியாதியில் நண்பரும் உறவினரும் தூரப்போனதைச் சொல்லி, இருளிலேயே முடிந்துவிடுகிறது. வாக்குத்தத்த அட்டையில் இதை ஒருவரும் அச்சிடப்போவதில்லை. ஆயினும் இதை நீக்காமல் வேதத்துக்குள் வைத்துக் காத்து, ஆலயத்தில் பாடக் கொடுத்த சமூகத்தின் ஞானத்தை நினைக்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு அப்பால் தாயைத் தனியே சாகவிட்டு நின்ற ஒரு மகளுக்கு அதே வார்த்தைகள் நெடுங்காலப் பழைய துணையாக வந்து நிற்கும். அவள் சபையைவிட்டுப் புறத்தே நின்று அழவில்லை, சபையின் நடுவே நின்றுதான் அழுகிறாள் என்று அது சொல்லும்.

ஆறுதல் அவ்வளவுதானா என்று கேட்கலாம். இங்கேதான் எரேமியா எனக்கு உதவுகிறார். வாக்குத்தத்த அட்டைகளில் மிகுதியாக அச்சாகும் வசனங்களுள் ஒன்று அவருடைய இருபத்தொன்பதாம் அதிகாரத்தின் பதினொன்றாம் வசனம். நல்ல முடிவையும் சமாதானத்தையும் பற்றியது. அதற்கு முந்தின வசனத்தை அட்டையில் சேர்ப்பதில்லை. அது 70 ஆண்டு என்று சொல்கிறது. அந்த அதிகாரம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அவர் எழுதிய கடிதம்; அதைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களுள் பெரும்பாலோர் திரும்பிப்போவதைக் காணமாட்டார்கள் என்பது அதன் பொருள். இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று அறிவித்ததையும், ஜனங்கள் அதைக் கேட்டதையும் முந்தின அதிகாரம் சொல்கிறது. அவ்வாறே ஆகக் கடவது என்று எரேமியாவும் சொன்னார், ஆசை அவருக்கும் இருந்தது, உண்மை வேறாயிருந்தது. ஆகவே அவர் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்நிய நகரமாயினும் அதன் க்ஷேமத்துக்காக ஜெபியுங்கள் என்று எழுதினார்.

பின்பு முப்பத்திரண்டாம் அதிகாரத்தில், பாபிலோன் சேனை எருசலேமைச் சூழ்ந்து, பட்டயமும் பஞ்சமும் கொள்ளைநோயும் நகரத்தைத் தின்றுகொண்டிருக்கையில், காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியாவிடம் அவர் தகப்பனுடைய சகோதரனின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை நீர் வாங்கிக்கொள்ளும் என்கிறான். எதிரி கூடாரமடித்திருக்கும் பூமியில் நிலம். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, சாட்சிகளைக் கையெழுத்திடச் செய்து, முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் தம் எழுத்தராகிய பாருக்கிடம் கொடுத்து, அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். நம் பக்கத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசலில் கால் கடுக்க நின்றவர்களுக்கு இந்த நுணுக்கங்கள் ஒவ்வொன்றும் விளங்கும். இவ்வளவும் செய்து முடித்தபின்தான் அவர் ஜெபிக்கிறார். அந்த ஜெபத்திலும் தெளிவைவிடத் திகைப்பே மிகுதி: நகரம் விழப்போகிறது, நீரோ நிலம் வாங்கச் சொன்னீர் என்கிறார். திகைப்புத் தீர்ந்தபின் அவர் பத்திரம் எழுதவில்லை. திகைப்போடேயே எழுதினார். விசுவாசம் என்று நான் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். ஊரடங்கு நாட்களில், நாளை என்னவாகுமென்று அறியாமலே, வேலையிழந்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிக்கிய வடமாநிலத் தொழிலாளருக்குச் சோறாக்கிப் போட்டவர்களிடமும், கோயம்பேட்டுச் சந்தை திருமழிசைக்குப் பெயர்ந்தபோது அந்தச் சேற்றில் நின்று காய்கறி இறக்கி ஊருக்கு உணவு தந்த தொழிலாளரிடமும் அதைக் கண்டேன்.

நம் மேற்குப் புறநகரில் சபைகள் பெருகின. ஆலயக் கட்டடங்கள் உயர்ந்தன. அடக்க நிலமோ பெருகவில்லை. கீழ்ப்பாக்கத்துக் கல்லறைத் தோட்டம் நெடுநாளாகவே இடமின்றித் தவிக்கிறது. சொந்தமாக ஒரு சதுர அடியும் இல்லாத சிறு சபைகள், தங்களில் ஒருவர் மரித்தால், பெரிய சபைகளின் வாயிலில் போய்க் கேட்டு நிற்கின்றன. ஆகையால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிச் சபைகள், கத்தோலிக்கர் லூத்தரன் தென்னிந்தியத் திருச்சபை பெந்தெகொஸ்தே என்ற பேதமின்றிக் கூடி, ஆண்டுதோறும் பண்டிகைக் காணிக்கையின் ஒரு பங்கை ஒதுக்கி, உள்ளாட்சியின் உரிமம் பெற்று, நீர்நிலைகளுக்கு விலகிய மேட்டுப் பாங்கில் ஒரு நிலம் வாங்க வேண்டுமென்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதன் விலைப்பத்திரத்திலேயே, உரிமையாளர் இல்லாத உடலுக்கும், ஊர் பேர் தெரியாத தொழிலாளிக்கும், வேறெங்கும் இடம் மறுக்கப்பட்ட எவருக்கும், எந்த மதத்தவராயினும், அங்கே இடமுண்டு என்று எழுதிவிட வேண்டும். அடுத்த நோய் வரும்வரை காத்திராமல், எல்லாரும் சுகமாயிருக்கும் இப்போதே அதை எழுத வேண்டும். பணம் ஒதுக்கும் கூட்டத்தை வருகிற பண்டிகைக்கு முன்னரே கூட்டிவிடலாம்.